ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு உறவை நிறுத்துவது எப்படி

உறவை முறிப்பது பற்றிப் பொதுவாகக் கிடைக்கும் ஆலோசனைகள் எல்லாம் தூரப் போகக்கூடியவர்களுக்காகச் சொல்லப்பட்டவை. தொலைபேசி எண்ணை மாற்று, வேறு ஊருக்குப் போ, புதிய மனிதர்களைத் தேடிக்கொள் என்கிறார்கள். இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இவற்றில் ஒன்றும் இலகுவாக வாய்ப்பதில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். கலியாணம் முடித்தவர் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். தாய் தகப்பன் தங்கள் வளவைப் பிரித்து மூத்தவளுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு ஒரு வீடு என்று கட்டிக் கொடுப்பார்கள். அக்காவும் தங்கையும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளி, ஒரே ஒழுங்கையால் நடந்து, ஆயுள் முழுவதும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்வார்கள். நல்ல காலத்தில் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய காவல் கிடையாது. கணவன் கட்டாரில் இருந்தாலும், நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் கூப்பிடு தூரத்தில் கூடப்பிறந்தவள் இருக்கிறாள். அந்தக் கூடப்பிறந்தவளே கெடுதல் செய்யத் தொடங்கினால், அவள் வாளி கிணற்றில் விழும் சத்தத்தில்தான் உங்களுக்கு விடியும்.

அந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். குடும்ப நல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றேன். முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டரிலும் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் பிறந்த பிள்ளைகளையும் பார்த்து வந்த எனக்கு, கிளினிக் அட்டையில் எழுத இடமில்லாத கதைகள் நிறையத் தெரியும். என் கதையும் அவற்றில் ஒன்று. பிள்ளைப்பேற்றுக்குப் போகும்போது பத்திரமாக வைக்கும்படி அக்காவிடம் கொடுத்த நகைகள், என்னைக் கேட்காமல் அடகுக்குப் போயின. அதைப் பொறுத்தேன். பல வருடங்களுக்குப் பிறகு என் மகளுக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்று குழம்பியது. மகளைப் பற்றி இல்லாததைச் சொன்னவர்கள் அக்காவும் அத்தானும்தான் என்று மாப்பிள்ளை வீட்டாரே என்னிடம் சொன்னார்கள். நேரே போய்க் கேட்டேன். "வேறு மாப்பிள்ளை கிடைக்காமலா போகும்? இதற்கா இவ்வளவு சத்தம்?" என்றாள். அன்று முதல் அக்காவுடன் எனக்குப் பேச்சு இல்லை. அவள் வீட்டுக் கூரை என் வாசலில் நின்றால் தெரியும்.

எந்தக் காயத்துக்கு இது

எல்லாக் கோபத்துக்கும் இது மருந்தாகாது. வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டது, தென்னை மரத்தின் காயைப் பறித்தது, கலியாண வீட்டுக்குச் சொல்லாமல் விட்டது என்று எங்கள் ஊர்களில் பேச்சு நிற்காத குடும்பமே இல்லை. அவை அடுத்த சாமத்திய வீட்டில் யாராவது ஒருவர் கையைப் பிடித்து இழுத்து வந்ததும் தீர்ந்துவிடும். தீரவும் வேண்டும்.

நான் சொல்வது வேறு. உங்களுக்கு வலிக்கிறது என்று தெளிவாக ஒரு முறை சொல்லியிருக்கிறீர்கள். கேட்ட பிறகும் அதையே திரும்பச் செய்கிறார்கள். அந்தக் கெடுதல் உங்கள் பிள்ளைகளையும் தொடத் தொடங்கிவிட்டது. அவர்களுடைய காலடிச் சத்தம் கேட்டாலே வயிறு இறுகுகிறது, அவர்கள் வந்து போன இரவில் நித்திரை வருவதில்லை. இவை எல்லாம் சேர்ந்திருந்தால் விலகுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவர்களுடைய சம்மதம் தேவையில்லை. "நான் செய்தது பிழை" என்று அவர்கள் சொல்லும் நாளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பல பெண்கள் அந்த ஒரு சொல்லுக்காகவே வாழ்க்கை முழுவதும் அடி வாங்கிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் இங்கேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். காயப்படுத்துபவர் கை நீட்டுபவராக இருந்தால், குடித்துவிட்டுக் கத்தி எடுப்பவராக இருந்தால், கீழே நான் எழுதும் ஆறுதலான வழி உங்களுக்குப் பொருந்தாது. அப்படிப்பட்டவரிடம் "நான் விலகப் போகிறேன்" என்று முன்கூட்டிச் சொல்லவே கூடாது. சொன்ன பிறகு வரும் நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. தேசிய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பிள்ளையின் கிளினிக் புத்தகம், காணி உறுதி ஆகியவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒருவர் வீட்டில் முதலிலேயே கொண்டுபோய் வையுங்கள். அவசரத்துக்குப் பொலிஸ் இலக்கம் 119. பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் "நட்பு நிலையம்" என்ற பிரிவு இருக்கிறது. காயத்துக்கு மருந்து கட்டப் போனதாகவே அங்கே போகலாம், விவரத்தை வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். விசாரணை முடியும்வரை இடைக்காலக் கட்டளையும் கிடைக்கும். இந்தச் சட்டம் கணவனுக்கு எதிராக மட்டும்தான் என்று எங்கள் பெண்களில் பெரும்பாலானவர்கள் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். தகப்பன், சகோதரன், சகோதரி, தாய் தகப்பனின் கூடப்பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். அடி மட்டுமல்ல, தொடர்ந்து செய்யப்படும் கொடுமையான அவமானப்படுத்தலும் வருகிறது. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேட்டால் வழி காட்டுவார்.

சொல்வதற்கு முன் அவிழ்க்க வேண்டியவை

இனி, அப்படி உயிராபத்து இல்லாத மற்றவர்களுக்கு எழுதுகிறேன். கோபம் வந்த அன்றே முற்றத்தில் நின்று "இன்றோடு எல்லாம் முடிந்தது" என்று கத்துவது எங்கள் வழக்கம். ஊர் கூடும், ஒழுங்கை நிறையும், மூன்றாம் நாள் அவர்களிடம் இருக்கும் உங்கள் அடகுச் சீட்டைக் கேட்டு நீங்களே போய் நிற்பீர்கள். அதனால் முதலில் வாயை மூடிக்கொண்டு, உங்களை அவர்களுடன் கட்டி வைத்திருப்பவை எவை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நிதானமாக, சில வாரங்கள் எடுத்து, ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொள்ளுங்கள்.

பணம்தான் முதலாவது. அவர்கள் தாய்ச்சியாக இருந்து நடத்தும் சீட்டில் நீங்கள் இருந்தால், அந்தச் சீட்டு முடியும்வரை ஒழுங்காகக் கட்டி, புதிய சீட்டில் சேராமல் விடுங்கள். நடுவில் விலகினால் உங்கள் காசும் போகும், பிழையும் உங்கள் தலையில் விழும். குழுக்கடன் எடுத்திருந்தால் அதுவே பெரிய சிக்கல். குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அந்தத் தவணை முடியும்வரை குழுவில் இருந்து, அடுத்த கடனுக்கு வேறு பெண்களுடன் சேருங்கள், அல்லது கடனே எடுக்காமல் இருங்கள். வங்கியில் அவர்களுக்குப் பிணை நின்றிருந்தால், "எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை" என்று வங்கியில் சொல்லி அதிலிருந்து விலக முடியாது. கடன் தீர வேண்டும், அல்லது உங்களுக்குப் பதிலாக வேறொருவரை வங்கி ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆகவே முகாமையாளரிடம் போய் எவ்வளவு மீதி இருக்கிறது, தவணை ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று கேட்டு அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிணை தீரும்வரை முகத்தை முறித்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

நகை அவர்களிடம் இருந்தால், "கோயிலுக்குப் போடப் போகிறேன்" என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாவுக்குக் கழுத்து நிறையப் போடாத பெண் எங்கள் ஊரில் யார்? கேள்வி வராது.

பத்திரங்களில் பலர் கோட்டை விடுவது பின்னுரித்தாளி, அதாவது நமக்குப் பிறகு பணத்தைப் பெறுபவர், விடயத்தில். கலியாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஊழியர் சேமலாப நிதியிலும் வங்கிக் கணக்கிலும் அண்ணன் பெயரையோ அக்கா பெயரையோ பின்னுரித்தாளியாகப் போட்டிருப்பார்கள். பிறகு மாற்றியிருக்க மாட்டார்கள். போய்ப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் காணி அலுவலுக்காகச் சகோதரனுக்கு அட்டோர்னித் தத்துவம் (தங்களுக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்திருந்தால், அதை நொத்தாரிசு மூலம் எழுத்தில் இரத்துச் செய்து பதிய வேண்டும். தொலைபேசியில் "இனி என் காணியில் கை வைக்காதே" என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது. உறுதி அவர்களுடைய அலுமாரியில் இருந்து தர மறுத்தால், அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு, கரையோரத்தில் எத்தனையோ குடும்பங்கள் பிரதிகளைக் கொண்டுதான் தங்கள் காணியைக் காட்டின.

அடுத்தது தொலைபேசி. கிராமங்களில் ஒரு பெண்ணின் தொலைபேசியை யார் ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறார்கள்? அக்காவின் மகன், அண்ணனின் மகன். ஜிமெயில், பேஸ்புக் கணக்குகளை மீட்பதற்கு அவனுடைய இலக்கமே போடப்பட்டிருக்கும். கடவுச்சொல்லும் அவனுக்குத் தெரியும். பிள்ளை நல்ல பிள்ளையாகவே இருக்கலாம், ஆனால் அவன் அந்த வீட்டுப் பிள்ளை. அந்த இலக்கத்தை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கருவி ஏதாவது இருந்தால் நீக்குங்கள். ஸ்டேட்டஸ் யார் பார்க்கலாம் என்பதில் அவர்களைத் தவிர்க்கலாம். குடும்பக் குழுவிலிருந்து விலகினால் இப்போது அறிவித்தல் குழுவை நடத்துபவருக்கு மட்டுமே போகும், எல்லோருக்கும் போகாது. இலக்கத்தை முற்றாகத் தடை செய்வதா இல்லையா என்பது உங்கள் மன நிலையைப் பொறுத்தது. நான் தடை செய்தேன். இரவு பத்து மணிக்கு மேல் வரும் அந்தக் குரல் பதிவுகள் நின்ற பிறகுதான் எனக்கு நித்திரை திரும்பியது.

சாவிகளை மறந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு உதிரிச் சாவி அவர்கள் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். கேட்டு வாங்குவதைவிடப் பூட்டை மாற்றுவது நல்லது. பாடசாலையிலும் முன்பள்ளியிலும் பிள்ளையை யார் கூட்டிப் போகலாம் என்று அதிபரிடமும் ஆசிரியையிடமும் எழுத்தில் கொடுங்கள்.

சொல்லும் விதம்

எல்லாம் அவிழ்ந்த பிறகு, சொல்வதா சொல்லாமல் ஒதுங்குவதா? பேச்சைக் குறைத்துக் குறைத்துத் தேய விடுவது எளிது என்று பலர் சொல்வார்கள். தூரத்து உறவுக்கு, பழைய சிநேகிதிக்கு அது போதும். கூடப்பிறந்தவளுக்கு, ஒரே வளவில் இருப்பவளுக்கு அது போதாது. ஏன் முகம் கொடுக்கவில்லை என்று தினமும் ஒரு விசாரணை நடக்கும். ஆகவே ஒரு முறை, நேரே, அமைதியாகச் சொல்லுங்கள். "நீங்கள் என் மகளுக்குச் செய்ததை என்னால் தாங்க முடியவில்லை. இனி உங்களுடன் கதைக்க மாட்டேன். உங்களுக்குக் கெடுதல் நினைக்கவும் மாட்டேன்." இவ்வளவுதான். பழைய கணக்குகளை எடுக்காதீர்கள். 1990ஆம் ஆண்டு அகதி முகாமில் யார் யாருக்குச் சோறு கொடுத்தது என்பதில் தொடங்கினால் விடியும்வரை முடியாது. பதில் கேட்க நிற்க வேண்டாம். வயதில் மூத்தவர் என்றால் மரியாதையை விடாமல் சொல்லுங்கள். அந்த மரியாதை பின்னால் உங்களுக்கே பலமாக நிற்கும். முகம் பார்த்துச் சொல்லத் துணிவு வராவிட்டால் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் குரல் பதிவு அனுப்பாதீர்கள். மாலைக்குள் அது மொனறாகலையில் இருக்கும் மாமாவின் தொலைபேசியிலும் கேட்கும்.

நேரம் பார்த்துச் சொல்லுங்கள். அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு நடக்கும் நாட்களில், வீட்டில் கலியாண வேலை நடக்கும்போது, அவர்கள் வீட்டில் யாராவது நோயில் கிடக்கும்போது வேண்டாம்.

கிணற்றடியும் கோயிலும்

ஒரே வளவில் வாழ்வதற்கு முதல் வேலை பாதைகளைப் பிரிப்பது. கிணறு பொதுவாக இருந்தால் நேரத்தைப் பிரியுங்கள், இயலுமானால் குழாய்நீர் இணைப்பு எடுங்கள். அந்தச் செலவு எனக்குப் பாரமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அதற்காகச் செலவழித்த ஒரு ரூபாயைக்கூட நினைத்து நான் வருந்தியதில்லை. வேலி போடுவதாக இருந்தால் எல்லைக் கல் எங்கே என்று நில அளவையாளரை வைத்துப் பார்த்த பிறகு போடுங்கள். காணி இன்னும் இருவர் பெயரிலும் பொதுவாக இருந்தால், பொதுவான உறுதியை இரண்டாக எழுதிக்கொள்ள நொத்தாரிசிடம் போகலாம். மற்றவர் சம்மதிக்காவிட்டால், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின்கீழ் இணை உரிமையாளர் ஒருவரே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அந்த வழக்குகள் நெடுங்காலம் இழுபடும், பிள்ளைகளின் காலத்துக்கும் போகும். வேறு வழி இல்லாதபோது மட்டும் போங்கள். மத்தியஸ்த சபைக்கு அழைத்தால் போகலாம். அங்கே இணக்கத்துக்கு வரும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வேலித் தகராறுக்கு அது நல்ல இடம். மனக் காயத்துக்கு அங்கே தீர்ப்பு இல்லை.

நேருக்கு நேர் வருவது தவிர்க்க முடியாதது. குருமண்வெளியில் இருந்து மண்டூருக்குப் போகும் படகுப் பாதையில் ஏறிய பிறகு அவர்களும் ஏறினால் இறங்கி ஓட முடியுமா? ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் அத்தனை சனத்துக்குள்ளும் அவர்கள்தான் உங்கள் பக்கத்தில் வந்து நிற்பார்கள். இதற்கு முன்கூட்டியே ஒரு நடத்தையை முடிவு செய்துகொள்ளுங்கள். நான் முடிவு செய்தது இது: முகத்தைத் திருப்ப மாட்டேன், தலையை ஒரு முறை அசைப்பேன், கதைக்க மாட்டேன். துப்புவது, முகத்தைச் சுளிப்பது, பிள்ளையை இழுத்துக்கொண்டு போவது எதுவும் வேண்டாம். அவை எல்லாம் மறுபடியும் பேச்சைத் தொடங்கும் வழிகள்.

கோயில் இன்னும் நுட்பமானது. எங்கள் குடி, அதாவது குலம், தாய் வழியில் வருவது. அக்காவும் நானும் ஒரே குடி. சடங்கில் எங்கள் குடிக்கு உரிய நாள் வந்தால் இருவரும் அங்கே நிற்க வேண்டும். இதை விட்டுக்கொடுக்காதீர்கள். விலகியது ஒரு மனிதரிடமிருந்து, குடியிடமிருந்தோ அம்மனிடமிருந்தோ அல்ல. முன்பு இரு வீட்டுக் கோயில் வரியையும் ஒருவரே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இனி உங்கள் வீட்டு வரியை நீங்களே கொடுங்கள், உங்கள் பெயரில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம் "எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல், இரு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள்" என்றால் அவர் ஒன்றும் கேட்க மாட்டார். அவர் பார்க்காத மனத்தாங்கலா?

சமாதானம் செய்ய வருபவர்கள்

என் அனுபவத்தில் காயப்படுத்தியவர்களைவிட இவர்களைச் சமாளிப்பதே கடினம். அவர்கள் அன்போடு வருகிறார்கள். பெரியம்மா வருவார், மாமி வருவார், ஊர்ப் பெரியவர் ஒருவர் வருவார். "நீரடித்து நீர் விலகுமா பிள்ளை?" என்பார்கள். "தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்" என்பார்கள். "சண்டையில் எத்தனை உயிரைக் கொடுத்தோம், சுனாமியில் எத்தனை பேரைக் கொடுத்தோம், மிஞ்சியிருப்பவர்களுடனும் பேசாமல் இருப்பதா?" என்று கேட்பார்கள். இந்தக் கடைசிக் கேள்வி என்னை அசைத்திருக்கிறது. எங்கள் வீட்டிலும் கொடுத்திருக்கிறோம். ஆனால் இழப்பைக் கண்டவள் என்பதாலேயே இருப்பவர்களின் கொடுமையைச் சகிக்க வேண்டும் என்ற நியாயத்தை நான் ஏற்கவில்லை. எங்கள் பெண்களுக்கு இந்த நியாயத்தைச் சொல்லிச் சொல்லியே நிறையத் தீங்கு மறைக்கப்பட்டிருக்கிறது.

வருபவர்களுக்குத் தேநீர் கொடுங்கள். காரணத்தை விளக்காதீர்கள். விளக்கினால் அது தீர்த்து வைக்க வேண்டிய வழக்காகிவிடும், மறு வீட்டின் விளக்கத்தையும் கொண்டு வருவார்கள். "உங்கள் மனது எனக்குத் தெரியும் மாமி. நான் யோசித்துத்தான் முடிவெடுத்தேன். இதைப் பற்றி இனிக் கதைக்க வேண்டாம். உங்கள் முழங்கால் நோவு எப்படி இருக்கிறது?" ஒவ்வொரு முறையும் இதே வசனத்தைச் சொல்லுங்கள். சில வரவுகளுக்குப் பிறகு மாமி முழங்காலைப் பற்றி மட்டும் பேசத் தொடங்குவார். அந்த இடத்தில் வைத்து அவருடைய அன்பை நீங்கள் காப்பாற்றிக்கொள்ளலாம்.

கதை கொண்டு வருபவர்கள் வேறு. "உன்னைப் பற்றி அவள் என்ன சொன்னாள் தெரியுமா?" என்று தொடங்குபவரை அங்கேயே நிறுத்துங்கள். அவர் இங்கே இருந்தும் ஒரு கதையை எடுத்துக்கொண்டுதான் போவார்.

நன்மை தின்மை

கலியாண வீடு, சாமத்திய வீடு போன்ற நன்மைகளுக்கு வட்டாவில் வெற்றிலை வைத்து வந்து அழைத்தால் என்ன செய்வது? அழைக்க வந்தவர் யார் என்று பாருங்கள். அந்த வீட்டுப் பிள்ளை உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்றால், அந்தப் பிள்ளைக்காகப் போய் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பந்திக்கு நிற்காமல் வந்துவிடலாம். போகாமல் விட்டாலும் குற்றமில்லை. ஒரு பிள்ளையிடம் அன்பளிப்பைக் கொடுத்தனுப்புங்கள். உங்கள் வீட்டு நன்மையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விலகியது அண்ணனிடம் என்றால், மகளுக்குத் தண்ணீர் வார்க்கத் தாய்மாமனும் மாமியும் வேண்டும். முறைக்கு மாமன் மாமியாக வரக்கூடிய வேறு ஒரு தம்பதியை நாள் குறிக்கும்போதே கேட்டு வையுங்கள். கடைசி நேரத்தில் தேடினால் பழையவர்களையே அழைக்க வேண்டி வரும்.

தின்மை வேறு மாதிரி. பேச்சு இல்லாவிட்டாலும் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, உண்டு. அவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் உங்களுக்கும் கோயில் இல்லை. சாவு இரவில் வரும், யோசிக்க நேரம் தராது. ஆகவே இன்றைக்கே, அமைதியாக இருக்கும் நேரத்தில் முடிவு செய்யுங்கள். செத்த வீட்டுக்குப் போவதா, போனால் முற்றத்தோடு நிற்பதா, உள்ளே போய் அழுவதா, 31ஆம் நாளுக்கும் போவதா? நான் கணவரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்: அக்கா வீட்டில் சாவு என்றால் போவேன், பிரேதம் எடுக்கும்வரை நிற்பேன், அதற்கு மேல் இல்லை. உங்களுடைய முடிவு வேறாக இருக்கலாம். போகவே முடியாத அளவுக்குக் கொடுமை செய்தவர்களும் இருக்கிறார்கள். சிறு வயதில் தன்னைக் கெடுத்த உறவினரின் செத்த வீட்டுக்குப் போகும்படி ஒரு பெண்ணை வற்புறுத்த யாருக்கும் உரிமை இல்லை. தாயாருக்கும் இல்லை.

செய்தி வருவதற்கு ஒரு வழியும் வைத்திருங்கள். இரு வீட்டுக்கும் போய் வரும், கதை காவாத ஒருவரிடம், "சாவு, கடும் நோய் இரண்டுக்கும் மட்டும் எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவும் பிள்ளைகளும்

பெரும்பாலான முறிவுகள் சாய்வது வயதான தாயின் தலையில். அம்மா ஒரு மகள் வீட்டில் இருக்க, மற்ற மகளுக்கு அந்த வீட்டுடன் பேச்சு இல்லை. அம்மாவைத் தூது விடாதீர்கள், அவர் முன் அக்காவைப் பற்றி ஒரு சொல் சொல்லாதீர்கள். எங்கள் அம்மா அக்கா வீட்டில் இருந்த காலத்தில், அவருடைய கட்டில் தலைமாட்டில் ஒரு கொப்பி இருந்தது. எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது, எப்போது கிளினிக், சீனி எவ்வளவு, அடுத்த மாதம் மருந்து யார் வாங்குவது என்று இருவரும் அதில் எழுதினோம். என் நேரத்தில் நான் போவேன். அப்போது அக்கா கிணற்றடிக்குப் போய்விடுவாள். அம்மா கடைசிவரை ஒழுங்காகப் பார்க்கப்பட்டார். கதைக்காமலே ஒரு பொறுப்பைச் சேர்ந்து செய்ய முடியும், எழுத்தில் இருந்தால்.

பிள்ளைகளை உங்கள் கோபத்துக்குள் இழுக்காதீர்கள். அவர்கள் ஒரே பாடசாலைக்குப் போகிறார்கள், ஒரே மைதானத்தில் விளையாடுகிறார்கள். சிறியவர்களுக்கு, "எனக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு பிரச்சினை, அது பெரியவர்களுடையது" என்று மட்டும் சொன்னால் போதும். அந்த வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து இருந்தால் மட்டும் போகக்கூடாது என்று தெளிவாகத் தடுக்க வேண்டும். அதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

பிறகு வரும் நாட்கள்

விலகிய பிறகு நிம்மதி மட்டும் வரும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். துக்கம் வரும். ஒருவர் செத்தால் ஊரே வந்து நம் வீட்டு முற்றத்தில் இருக்கிறது, அயலவர்கள் சமைத்துக் கொண்டு வருகிறார்கள், அழ இடம் கிடைக்கிறது. உயிரோடு இருக்கும் அக்காவை இழந்தவளுக்கு அப்படி ஒரு முற்றம் இல்லை. அவள் செய்யும் ஆணம் ஒன்றின் வாசம் காற்றில் வந்தால் போதும், சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் இவள்தானே என்று கண் நிறையும். அது முடிவு தவறு என்பதன் அடையாளம் அல்ல. அழுங்கள். அன்றைக்கு மட்டும் அவள் வாசலுக்குப் போகாதீர்கள். அடுத்த நாளும் போக வேண்டும் என்றே தோன்றினால் அப்போது யோசிக்கலாம்.

காலியான நேரங்களை முன்கூட்டியே நிரப்புங்கள். மாலையில் அக்கா வீட்டுத் திண்ணையில் இருந்து பழகியவள் அந்த ஒரு மணி நேரத்தை வெறுமையாக விட்டால் மனம் அங்கேதான் போகும். நான் அந்த நேரத்தில் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். நித்திரையின்மை, சாப்பாடு செல்லாமை, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்குப் பேசுங்கள், அல்லது அருகில் உள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். அங்கே போவதைப் பார்த்து ஊர் என்ன சொல்லும் என்று தயங்காதீர்கள். பிள்ளை பெற்ற பிறகு மனம் உடைந்த தாய்மார் பலரை நானே கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறேன், தேறி வந்தார்கள்.

அவர்கள் திரும்பி வந்தால்? வருவார்கள். நோய் வந்தபோது, பிள்ளைகள் கைவிட்டபோது, அல்லது உண்மையாகவே மனம் மாறியபோது. எது என்று முதல் நாளில் தெரியாது. "நான் செய்தது" என்று தொடங்கிச் செய்ததைத் தன் வாயால் சொல்கிறார்களா, அல்லது "நடந்ததை மறப்போம்" என்று மட்டும் சொல்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். முதலாவது என்றால் உடனே பழைய இடத்துக்குப் போக வேண்டாம். முதல் வருடம் நன்மை தின்மைக்கு மட்டும் போய் வாருங்கள். அந்த வருடத்தில் கடன் கேட்டாலும், பிணை கேட்டாலும், நகை இரவல் கேட்டாலும் இல்லை என்று சொல்லுங்கள். இல்லை என்று கேட்ட பிறகும் அதே முகத்தோடு வந்து போகிறார்கள் என்றால், அடுத்த வருடம் திண்ணையில் இருந்து கதைக்கலாம். வீட்டுச் சாவி உங்களிடமே இருக்கட்டும்.